பிறையைக் கணக்கிட முடியும்போது கண்ணால் ஏன் பார்க்க வேண்டும்?

மக்ரிப்வானம்:
அஸ்ஸலாமு அலைக்கும். சூரியனும் சந்திரனும் கணக்கின்படியே இயங்குகின்றன என்கிறது குர்ஆன் 55:5. ஆண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கையும் நாம் அறிவதற்காகவே சந்திரனுக்குத் தங்குமிடங்கள் விதிக்கப்பட்டன என்கிறது 10:5. சங்கமம் (சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் வரும் அமாவாசைக் கணம்) எந்த நிமிடத்தில் என்று இன்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடலாம். அப்புறம் ஏன் ரமளானுக்கு முந்தைய மாதமான ஷஅபான் 29 அன்று மக்ரிபில் (சூரியன் மறையும் வேளையில்) வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்? இன்னொன்று: 2025-இல் சவூதியில் மார்ச் 30 பெருநாள், நமக்கு 31. 29 மாலை அங்கே பிறை பார்த்ததாக வந்த அறிவிப்பை நாமே சரிபார்க்க முடியுமா?

தென்வானம்:
வ அலைக்கும் ஸலாம். முடியும். ஆனால் முதலில் ஒன்று: சங்கமம் வேறு, பிறை தெரிவது வேறு. சங்கமத்தின்போது ஒளிபடும் முகம் முழுக்க நமக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். அதன் பிறகு சந்திரன் சூரியனைவிட்டு மணிக்குச் சுமார் அரைப் பாகை விலகும். இடைவெளி 7 பாகைக்குக் கீழே இருந்தால் பிறைக்கீற்று கண்ணுக்கு எட்டாது. 1930-களில் பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் காட்டிய எல்லை இது. 7-ஐத் தாண்டிவிட்டாலே தெரியும் என்றும் இல்லை. சூரியன் மறையும்போது பிறையின் உயரம், கீற்றின் தடிமன், அடிவானத் தூசி எல்லாம் சேர வேண்டும். அதனால்தான் 'பிறையின் வயது இத்தனை மணி' என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

சரிபார்க்க ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருள் போதும். இடம் மக்கா, தேதி 2025 மார்ச் 29. பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து கணக்கிடும் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். புவிமையத்திலிருந்து கணக்கிட்டால் அடிவானத்தருகே சந்திரன் ஏறக்குறைய ஒரு பாகை உயரமாகக் காட்டும். பலர் தவறுவது இங்கேதான். அன்று சங்கமம் சவூதி நேரப்படி பிற்பகல் 1.58. சூரியன் மறைந்தது மாலை 6.35 அளவில். ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை, இடைவெளி 4 பாகைகூட வரவில்லை. போதாததற்கு அன்றுதான் ஐரோப்பாவில் பகுதிச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணத்தைவிடச் சங்கமத்துக்குக் கண்கண்ட சாட்சி வேறு என்ன வேண்டும்? மறுநாள் சென்னையில் மக்ரிப் வேளையில் பிறைக்கு வயது சுமார் 26 மணி. மேகம் இல்லாத இடத்தில் சிரமமே இல்லை.

(திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் அமாவாசை முடியும் நேரமே சங்கமம். வாக்கியப் பஞ்சாங்கத்தை இதற்கு எடுக்காதீர்கள், மணிக்கணக்கில் விலகும்.)

ஓலைக்கட்டு:
மார்க்கப் பக்கத்தைச் சொல்கிறேன். 10:5, 55:5 வசனங்கள் சந்திரன் ஒழுங்காக இயங்குவதைச் சொல்கின்றன. மாதம் எப்போது தொடங்கும் என்ற சட்டத்தை நபிமொழி பார்வையோடு இணைக்கிறது. பிறை பார்த்து நோன்பு வையுங்கள், பிறை பார்த்தே நோன்பை விடுங்கள், மறைக்கப்பட்டால் ஷஅபானை 30 நாளாக்குங்கள் என்பது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் உள்ளது. 'நாம் எழுதாத, கணக்கிடாத சமுதாயம்' என்ற ஹதீஸும் அங்கேயே. கணக்கைத் தடுக்கும் கட்டளையாக அதை எடுத்தவர்களில் இடைக்கால அறிஞர் இப்னு தைமிய்யா முக்கியமானவர். அது அன்றைய நிலையைச் சொல்லும் காரணம், நிலை மாறினால் சட்டமும் மாறும் என்றார் எகிப்திய அறிஞர் அஹ்மத் ஷாகிர், 1939-இல். இரண்டுக்கும் நடுவே 14-ஆம் நூற்றாண்டு ஷாஃபிஈ சட்டப்பிரிவு அறிஞர் தகியுத்தீன் சுப்கீ எடுத்த நிலை எனக்கு மிக உறுதியாகப் படுகிறது: தெரிய வாய்ப்பே இல்லை என்று கணக்கு காட்டினால் சாட்சியை ஏற்கக் கூடாது. 'தெரியாது' என்பதில் கணக்கு உறுதியானது; 'தெரியும்' என்பதில் அப்படியில்லை.

மக்ரிப்வானம்:
ஜஸாகல்லாஹு கைரன். ஆனால் சங்கம நேரத்திலேயே பிறையைப் படம் எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?

தென்வானம்:
உண்மைதான். 2013 ஜூலை 8 அன்று பிரான்சில் தியரி லெகோ எடுத்தார். பட்டப்பகலில், அகச்சிவப்பு ஒளியில், சூரிய வெளிச்சம் குழாய்க்குள் விழாமல் மறைப்பு வைத்து எடுத்த படம் அது. கண் பார்வைக்கு அது ஆதாரமாகாது.

மேற்குக்கரை:
பிறை பார்த்ததாகச் சாட்சி சொல்ல வருபவரிடம் பிறைக் கமிட்டி நான்கு கேள்வி கேட்டாலே பாதிக் குழப்பம் தீரும். எத்தனை மணிக்கு? சூரியன் மறைந்த இடத்துக்கு வலமா, இடமா? எவ்வளவு உயரம்? கையை நீட்டிப் பிடித்த முஷ்டி ஏறத்தாழ 10 பாகை, நடு மூன்று விரல் 5 பாகை. கொம்பு (பிறையின் கூர்முனை) எந்தப் பக்கம்? வளைவு எப்போதும் சூரியன் பக்கம்தான், கொம்பு எதிர்ப்பக்கம். நம் அட்சரேகையில் பிறை தோணிபோல் சாய்ந்து கிடக்கும். கொம்பு கீழ்நோக்கி இருந்தது என்றால் அவர் பார்த்தது மேகக் கீற்றாகவோ விமானப் புகையாகவோ இருக்கும்.

பார்க்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. சூரியன் மறைவதற்கும் சந்திரன் மறைவதற்கும் உள்ள இடைவெளியில் ஒன்பதில் நான்கு பங்கு கழிந்ததும் வாய்ப்பு அதிகம். 6.20-க்குச் சூரியன், 7.14-க்குச் சந்திரன் என்றால் 6.44. பலர் அதற்குள் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். 10x50 பைனாகுலரை முதலில் தூரத்து விளக்கிலோ நட்சத்திரத்திலோ ஃபோகஸ் செய்துவிடுங்கள். சூரியன் முழுதாக மறையாமல் மேற்கே திருப்பாதீர்கள், கண் போய்விடும். கிழக்குக் கரை ஊர்களில் மேற்கு அடிவானம் தரைப்பக்கம், கடைசி சில பாகை புழுதியில் போய்விடும். மாடியோ குன்றோ தேடுங்கள்.