புதுமைப்பெண் பணம் தங்கைக்கு வரவில்லை. ஆதார் இணைத்தும் ஏன்?

கேட்டவர்:
வணக்கம். என் தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்து, மின்னணுவியல் முதலாண்டு படிக்கிறாள். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்றுக்கொண்டதால் அந்தக் கவலை இல்லை. கைச்செலவுக்குத்தான் திண்டாட்டம். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு அரசு மாதந்தோறும் தரும் புதுமைப்பெண் உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டதாகக் கல்லூரியில் சொல்கிறார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு நான்கு மாதமாக மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவளுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. வங்கியில் மூன்று முறை கேட்டாயிற்று. "ஆதார் இணைத்தாகிவிட்டது" என்று பாஸ்புக்கில் முத்திரையே குத்தித் தந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு விசைத்தறிக் கூலி வேலை. யாரைப் பார்ப்பது?

பதில் 1:
தங்கையின் பெயரில் வேறு வங்கிக் கணக்கு இருக்கிறதா? பள்ளியில் படிக்கும்போது தொடங்கியது ஏதாவது?

பதில் 2 (கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் இருப்பவர்):
முத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், தம்பி. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவு செய்வது வேறு; அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று என்பிசிஐ (வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பை நடத்தும் நிறுவனம்) பட்டியலில் ஏற்றுவது வேறு. அந்தப் பட்டியலில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்கும். பணம் அங்குதான் போகும், விண்ணப்பத்தில் நீங்கள் எந்தக் கணக்கை எழுதியிருந்தாலும் சரி. மைஆதார் தளத்தில் தங்கையின் ஆதார் எண்ணைக் கொடுத்து நுழைந்து, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். ஆதாரில் பதிவான கைப்பேசிக்குத்தான் ஓடிபி வரும், அந்தக் கைப்பேசி பக்கத்தில் இருக்கட்டும். திரையில் எந்த வங்கியின் பெயர் வருகிறது என்று இங்கே எழுதுங்கள். ஆதார் எண்ணையோ கணக்கு எண்ணையோ தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. வேறு வங்கியின் பெயர் வருகிறது! எட்டாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காகத் தொடங்கிய கணக்கு அது. வீட்டில் எல்லோரும் மறந்தே போய்விட்டோம்.

பதில் 2:
அப்படியானால் பணம் அங்கேதான் இருக்க வேண்டும். பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பதிவு போடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கையே வைத்துக்கொண்டாலும் பாதகமில்லை. மாற்றத்தான் வேண்டும் என்றால், புதிய வங்கியில் ஆதார் சீடிங் ஒப்புதல் படிவம் கேட்டு வாங்கி, தங்கையே நேரில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே தளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் படித்தவள்; கணினிப் பொறியியல் முதலாண்டு. எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?

பதில் 2:
புதுமைப்பெண் கிடைக்காது, அம்மா. ஏஐசிடிஇ-யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகையைப் பாருங்கள். ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பியுங்கள். குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி என்றால், இ-சேவை மையத்தில் அதற்கான சான்றிதழும் வாங்கிவிடுங்கள். கல்விக் கட்டணச் சலுகைக்கு அது வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே மகளின் ஆதார் எந்த வங்கியில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
இன்று பழைய வங்கிக்குப் போனோம். பாஸ்புக்கில் வரிசையாக நான்கு வரிகள் அச்சாகி வந்தன, ஒவ்வொன்றிலும் 1,000. தங்கை அந்தப் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால்குலேட்டர் வாங்கப் போகிறாளாம். இதுவரை தோழியுடையதை இரவல் வாங்கித்தான் தேர்வு எழுதியிருக்கிறாள், எங்களிடம் சொல்லவே இல்லை. மிக்க நன்றி ஐயா. பழைய கணக்கையே வைத்துக்கொள்கிறோம்.