3003 அலுமினியக் கலவையில் பிடிக்கும் பிரேசிங் 6061 கலவையில் பிடிக்கவில்லை, உதவுங்கள்

ஆய்வு மாணவர்:
பிரேசிங்கில் (தகடுகளை உருக்காமல், இடையில் உள்ள நிரப்பு உலோகத்தை மட்டும் உருக்கி ஒட்டும் முறை) வெப்பப் பரிமாற்றி மூட்டுகளில் உருகிய உலோகம் எப்படிப் பரவுகிறது என்று பல்கலைக்கழக ஆய்வகத்தில் பார்த்து வருகிறேன். 4343 கிளாட் (முதலில் உருகும் அலுமினிய-சிலிக்கான் மேலடுக்கு) உள்ள 3003 தகட்டைப் படுக்க வைத்து, அதன் மேல் கிளாட் இல்லாத 3003 தகட்டை நிறுத்துவேன். நைட்ரஜன் ஓடும் குழாய் உலை, பொட்டாசியம் ஃபுளோரோஅலுமினேட் ஃபிளக்ஸ் (ஆக்சைடு படலத்தைக் கரைக்கும் பொருள்), உச்சம் 600 டிகிரி செல்சியஸ். ஃபில்லெட் (மூட்டின் மூலையை நிரப்பி உறையும் உலோகம்) அழகாக விழுகிறது. நிற்கும் தகட்டை 6061-க்கு மாற்றினால் மட்டும் உலோகம் மேலே ஏறுவதே இல்லை. மூட்டருகே சாம்பல் நிறப் பொடி மிஞ்சுகிறது. வெப்பத்தை இன்னும் ஏற்றலாமா?

உலைப் பணியாளர்:
முதலில் வாயுவைப் பாருங்கள். டியூ பாயின்ட் (வாயுவின் ஈரப்பதத்தைக் காட்டும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே, ஆக்சிஜன் 100 பிபிஎம்-க்குள் இருக்கிறதா? தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) மாதிரியைத் தொடுகிறதா, உலைச் சுவரையா?

ஆய்வு மாணவர்:
வாயு அளவு இரண்டும் சரி. தெர்மோகப்பிள் மாதிரியின் மேலேயே இருக்கிறது.

உலோகவியல் ஆய்வாளர்:
அதே உலையில் 3003 பிடிக்கிறது என்றால் வாயுவைச் சந்தேகிக்க வேண்டாம். காரணம் மக்னீசியம். 6061-இல் அது 0.8 முதல் 1.2 சதவீதம் வரை இருக்கும். இந்த ஃபிளக்ஸ் தாங்குவது ஏறக்குறைய 0.3 தான். சூடேறும்போது மக்னீசியம் மேற்பரப்புக்கு வந்து ஃபிளக்ஸுடன் சேர்ந்து, எளிதில் உருகாத ஃபுளோரைடுகளாக மாறிவிடுகிறது. அப்புறம் ஆக்சைடு படலத்தைக் கரைக்க ஃபிளக்ஸ் ஏது? வெற்றிட பிரேசிங்கில் இதே மக்னீசியத்தைக் கிளாடிலேயே வேண்டுமென்று சேர்ப்பார்கள். அது ஆவியாகும்போது படலத்தை உடைக்கும். ஃபிளக்ஸ் உள்ள இடத்தில்தான் அது கெடுதல்.

வெப்பத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். 6061 ஏறக்குறைய 582 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டீர்கள். மாதிரியை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள், தானிய எல்லைகளில் (உலோகப் படிகங்கள் சந்திக்கும் இடங்களில்) உருகிய தடம் தெரியும்.

ஆய்வு மாணவர்:
வலிமைக்காகத்தான் 6061 எடுத்தேன். 6063-க்கு மாறினால்?

உலோகவியல் ஆய்வாளர்:
நல்ல முடிவு. அது உருகத் தொடங்குவது 615 டிகிரியை ஒட்டித்தான். மக்னீசியம் 0.45 முதல் 0.9 வரை இருக்கலாம், அதனால் சான்றிதழைப் பார்த்துக் குறைந்த அளவுள்ளதை வாங்குங்கள். சீசியம் கலந்த ஃபிளக்ஸ் போடுங்கள், அது மக்னீசியத்தைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். 400 டிகிரிக்கு மேல் வேகமாகச் சூடேற்றுங்கள், மக்னீசியம் வெளியே வர நேரம் குறையும். பிரேசிங் முடிந்தபின் ஏஜிங் (மிதமான சூட்டில் வைத்து வலுவேற்றுவது) செய்தால் வலிமையும் ஓரளவு கிடைக்கும்.