கொழும்பை விட்டு ஹட்டனா, பண்டாரவளையா? போனவர்கள் சொல்லுங்கள்

வத்தளைவாசி:

வணக்கம். பிறந்தது பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். உயர்தரம் முடித்துக் கொழும்புக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். கணக்குப் பிரிவில் வேலை. இனி வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பனியில் சொல்கிறார்கள். மனைவி ஆசிரியை, மகள் நாலாம் ஆண்டு. வீட்டு வாடகைக்கும் ஸ்கூல் வேனுக்குமே சம்பளம் சரியாகப் போகிறது. திரும்ப மலையகத்துக்கே, ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போய்விடலாமா என்று யோசனை. போனவர்களும் போய்த் திரும்பியவர்களும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஹட்டன் அக்கா:

தம்பி, நாங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தவர்கள். ஊரைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில், உங்கள் சம்பளம் எங்கே இருக்கிறது? பாதி நாள் அலுவலகம் போக வேண்டும் என்றால் கொழும்பில் ஒரு போடிங் ரூம் எடுத்தே ஆக வேண்டும். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று பஸ்ஸில் வர நாலைந்து மணித்தியாலம் பிடிக்கும். காலையில் போய் இரவு திரும்பும் தூரமா அது? கடைசியில் மலையில் இருக்கப்போவது மனைவியும் மகளும்தான்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடியது. அவர் வெள்ளி இரவு வந்து சேர்வார், ஞாயிறு மத்தியானச் சோற்றோடு பையை அடுக்கத் தொடங்குவார். இரண்டு இடத்தில் காஸ், இரண்டு கரண்ட் பில். வாடகையில் மிச்சமானது இதிலேயே போய்விட்டது. பிறகு அவர் டவுனிலேயே ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதப் போனார். சம்பளம் குறைவுதான், ஆனால் அன்றைக்குத்தான் நாங்கள் ஹட்டனுக்குக் குடிவந்தோம் என்று சொல்ல வேண்டும்.

ஏப்ரல் லீவுக்கு வந்து, குளிர் சுகமாக இருக்கிறது என்று முடிவெடுக்காதீர்கள். ஜூன், ஜூலையில் வாருங்கள். விடாமல் தூறும். சீருடையை அயர்ன் பண்ணியே காயவைப்பேன். உடுத்தாமல் தொங்கும் கோட்டிலும், போடாத தோல் சப்பாத்திலும் பூஞ்சணம் பிடித்துவிடும். மரக்கறி மலிவு என்பதையும் ரொம்ப நம்ப வேண்டாம். நுவரெலியாக் கரட்டும் லீக்ஸும் லொறி ஏறித் தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் போகின்றன. விலையை நிர்ணயிப்பது அந்தச் சந்தைகள்தான், நம் பக்கத்துத் தோட்டம் இல்லை. மீனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆஸ்பத்திரி என்றால் டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது, இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்தது. அதற்கு மேல் என்றால் நுவரெலியா அல்லது கண்டி. வயதான பெற்றோரைக் கூட்டிவருவதானால், பனிமூட்டத்தில் இரவு பதினொரு மணிக்கு அந்த ரோட்டில் வாகனம் ஓட்ட யார் வருவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

பண்டாரவளைக்காரன்:

அக்கா சொன்ன ஜூன் மழை ஹட்டன் பக்கத்துக்கு. தென்மேல் பருவக்காற்று அங்கே கொட்டிவிட்டு இங்கே காய்ந்த காற்றாகத்தான் வரும். பண்டாரவளை இருக்கும் ஊவாவில் மழையைப் பார்க்க வேண்டும் என்றால் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் வாருங்கள்.

நான் சொல்ல வந்தது காணியைப் பற்றி. வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு மண் சரிந்தது, அதற்கு முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்த இடம் அது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி என்று மலையகம் முழுக்கச் சரிந்தது. அதன் பிறகு நான் 12 பேர்ச் காணி ஒன்று பார்க்கப் போனேன். அருமையான வியூ, கூடவே ஒரு பழைய வீடு. நடு அறைத் தரையில் சுவருக்குச் சுவர் ஒரு கோடு, புதுச் சிமெந்து பூசியிருந்தார்கள். "சிமெந்து காய்ந்த வெடிப்பு" என்றார் தரகர். பின்பக்கத்து மரங்கள் அடியில் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து மேலே நிமிர்ந்து நின்றன. மேட்டில் பழைய தோட்டத்துக் கான் (வடிகால்) ஒன்று மண் மூடிப் புல் முளைத்துக் கிடந்தது. கான் அடைத்தால் தண்ணீர் ஓடாமல் சரிவுக்குள்ளேதான் இறங்கும். பக்கத்து வீட்டு அம்மாயி வேலியோரம் நின்று, "போன மழைக்கு அந்த மூலையில புதுசா ஊத்து வந்துச்சுங்க" என்றார். தரகர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அத்தோடு வந்துவிட்டேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. காணி உறுதிப் பத்திரத்தையும் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். தோட்டக் காணி பெரும்பாலும் அரசுடையது, கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. அதை யாராவது மலிவாக "எழுதித் தருகிறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

திரும்பி வந்தவள்:

நாங்கள் திரும்பியது மகனின் உயர்தரத்துக்காக. சாதாரண தரம் வரை ஒரு குறையும் இல்லை, ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கணிதப் பிரிவுக்குப் போனதும்தான் சிக்கல். தமிழ் மொழியில் பௌதிகவியல் படிப்பிக்க ஆள் கிடைப்பது பெரும்பாடு.

பல்கலைக்கழக அனுமதியில் கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி குறையும் என்றே கொழும்பிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. அது லயத்தில் இருந்து படிக்கும் பிள்ளைக்காக வைத்த இடம். உங்கள் மகள் சின்னவள், இந்தக் கவலைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

வத்தளைவாசி:

எல்லோருக்கும் நன்றி. மனைவி மேல் மாகாணப் பாடசாலையில் இருப்பதால் மாகாணம் விட்டு மாகாணம் இடமாற்றம் எடுக்க வேண்டும். ஹட்டன் என்றால் மத்திய மாகாணம், பண்டாரவளை என்றால் ஊவா, எதற்கு விண்ணப்பிப்பது என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். அது கிடைக்கும் வரை காணிப் பேச்சே இல்லை. கம்பனியிலும், முழு வாரமும் வீட்டிலிருந்து செய்ய விடுவார்களா என்று எழுத்தில் கேட்கப்போகிறேன். ஹட்டன் அக்கா, ஜூனில் நான் மட்டும் இரண்டு வாரம் வந்து அங்கிருந்தே வேலை செய்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். ரூம் கிடைக்குமா?

ஹட்டன் அக்கா:

தாராளமாகக் கிடைக்கும். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் மே மாத வெசாக்கோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு ரூம்கள் சும்மாதான் கிடக்கும், வாடகையும் பேசிக் குறைக்கலாம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த ரூமிலேயே நின்று போனில் சிக்னல் பாருங்கள். டவுனில் நாலு கோடு காட்டும், வளைவு திரும்பினால் ஒன்றும் இருக்காது.