இசியூ போய்விட்டது என்கிறார்கள்: 2010 டீசல் காரோடு ஸ்கேனர் பேச மறுக்கிறது

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஒரு ஆச்சி வீட்டு வண்டி வந்திருக்கிறது. 2010 மாடல், காமன் ரயில் டீசல். மகன் மலேசியாவிலிருந்து வந்தால், கல்யாணம் காட்சி என்றால் மட்டும் ஓடும்; மற்ற நாளெல்லாம் ஷெட்டில்தான். இப்போது செக் லைட் எரிகிறது, இழுவை இல்லை, மிதித்தால் கரும்புகை.

வண்டியில் பதிந்திருக்கும் கோளாறைப் படிக்கும் ஈஎல்எம்327 புளூடூத் ஸ்கேனரை மாட்டினேன். அதில் லைட் எரிகிறது, போனோடும் சேர்கிறது. ஆனால் 'அன்ஏபிள் டு கனெக்ட்' என்றே வருகிறது. 2018 மாடல் வண்டிகளில் இதே ஸ்கேனர் ஒழுங்காக வேலை செய்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, 'இசியூ (இன்ஜினை நடத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது, மாற்று' என்கிறார். அவர் சொல்லும் தொகையை ஆச்சியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகிறதே, பிறகு எப்படி இசியூ போயிருக்கும்? இது எந்த புரோட்டோகால் (ஸ்கேனரோடு பேசும் முறை) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிவகங்கை டிராவல்ஸ்:
பேட்டரியை அரை மணி நேரம் கழற்றி வைத்து மாட்டுங்கள். எங்கள் வண்டியில் அப்படித்தான் லைட் போனது.

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரிக்:
அதைச் செய்ய வேண்டாம் தம்பி. சில வண்டிகளில் பதிந்திருக்கும் கோடும் (கோளாறைச் சொல்லும் எண்) அதோடு சேர்ந்து அழிந்துவிடும், அப்புறம் துப்பே இருக்காது. காமன் ரயில் வண்டியில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறப்பதே இசியூதான். இன்ஜின் ஓடுகிறது என்றால் அது உயிரோடுதான் இருக்கிறது.

டார்ச் அடித்து, ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட்டுக்குள் பாருங்கள். எந்தெந்த இடத்தில் உலோக பின் இருக்கிறது? 4, 5 எர்த். 16 பேட்டரி பாசிட்டிவ். 6, 14 இருந்தால் பெரும்பாலும் கேன், இரண்டு கம்பியில் பேசும் முறை. 7 இருந்தால் கே-லைன், ஒரே கம்பியில் பேசும் பழைய முறை.

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
4, 5, 7, 16 மட்டும்தான் இருக்கிறது அண்ணே. 6, 14 காலி. 2008-க்குப் பிறகு வந்த வண்டியெல்லாம் கேன் என்று படித்தேனே?

ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்:
அது அமெரிக்கக் கணக்கு. அங்கே விற்கும் கார்களுக்கு 2008 மாடலிலிருந்து கேன் கட்டாயம். நம் நாட்டில் பிஎஸ்4 (புகை விதி) கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் பொது முறை) வந்ததே 2013 ஏப்ரலில்தான். உங்கள் வண்டி அதற்கு முந்தியது, கே-லைனில் பேசுவது.

கே-லைனில் இரண்டு வகை பழக்கத்தில் உண்டு: ஐஎஸ்ஓ 9141-2, ஐஎஸ்ஓ 14230. இரண்டாவதைத்தான் கேடபிள்யூபி 2000 என்கிறோம். இரண்டிலும் வழக்கமான வேகம் நொடிக்கு 10,400 பிட். ஆனால் பேச்சைத் தொடங்கும் விதம் வேறு. பழைய முறையில் ஸ்கேனர் ஒரே ஒரு பைட்டை நொடிக்கு 5 பிட் வேகத்தில் அனுப்பும். ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டையும் சேர்த்தால் 10 பிட், ஆக அந்த ஒரு பைட்டுக்கே 2 நொடி. முகப்பில் நின்றுகொண்டு இரண்டு கட்டு தாண்டி அடுப்படியில் இருப்பவரைக் கூப்பிடுவது போல நிறுத்தி நிதானமாகத்தான் கூப்பிட வேண்டும். புதிய முறையில் லைனை 25 மில்லி நொடி கீழே இழுத்து, 25 மில்லி நொடி மேலே விட்டு, உடனே தொடக்கச் செய்தியை அனுப்பும்.

இன்னொன்று: 'வி2.1' என்று வரும் ஈஎல்எம்327 மலிவு நகல்கள் பலவற்றில் கே-லைன் சரியாக வேலை செய்யாது, கேன் மட்டும்தான். உங்களுடையது எது?

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
என்னுடையது வி1.5 என்று காட்டுகிறது ஐயா.

ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்:
வேடிக்கை என்னவென்றால், அசல் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிடவே இல்லை. ஆனாலும் அந்தப் பெயரில் வரும் நகல்களில் பல கே-லைன் பேசும். அதனால் முதலில் மீட்டரை எடுங்கள். ஸ்கேனர் மாட்டியபடி, சாவி ஆன், 7-க்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட்? லைன் சும்மா இருக்கும்போது பேட்டரி வோல்டேஜை ஒட்டி நிற்க வேண்டும்.

புதுவயல் லாரி:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் அரிசி ஆலை லாரியிலும் இதே மாதிரி சாக்கெட் இருக்கிறது. இதே ஸ்கேனரை மாட்டலாமா?

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரிக்:
16-ஆவது பின்னை அளக்காமல் மாட்டாதீர்கள். லாரி 24 வோல்ட். காருக்கான மலிவு ஸ்கேனர் புகைந்துவிடும். லாரிகளில் பெரும்பாலும் ஜே1939 என்ற பேச்சு முறை ஓடும். கம்பி அதே கேன்தான், செய்தி அமைப்பு வேறு. கார் ஆப் அதைப் படிக்காது. தனி இழை போடுங்கள், பேசுவோம்.

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
ஐயா, 0.5 வோல்ட்தான் வருகிறது. ஸ்கேனரைக் கழற்றினாலும் அப்படியே.

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரிக்:
அப்படியானால் யாரோ லைனை எர்த்துக்கு இழுக்கிறார்கள். இந்த நிலையில் எந்த விலை ஸ்கேனர் கொண்டுவந்தாலும் பேசாது. வண்டியில் வெளி ஸ்டீரியோ மாட்டியிருக்கிறதா? சில கார்களில் கம்பெனி ரேடியோவையும் கே-லைனில் கோத்திருப்பார்கள். வெளி ஸ்டீரியோவை அதே கனெக்டரில் நேராகச் செருகினால் அந்த பின் வேறு எதற்கோ போய்ச் சேரும். ஸ்டீரியோ கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மாற்றம் இல்லை என்றால் அடுத்து இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு), ஏபிஎஸ் (பிரேக்) என்று ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதுதான்.

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
அண்ணே, கையைக் கொடுங்கள்! பேரன் ஆசைப்பட்டான் என்று டச் ஸ்கிரீன் மாட்டியிருக்கிறார்கள். கனெக்டரை உருவியதும் 12.2 வோல்ட். ஆனால் ஆப் இன்னும் சேரவில்லை.

ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்:
பொது ஆப், ஓபிடிக்கென்று ஒதுக்கிய 33 என்ற முகவரியைக் கூப்பிடும். ஓபிடி-2 கட்டாயம் ஆவதற்கு முந்தைய இசியூ அதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதில்லை. தன் சொந்த முகவரிக்குத்தான் பதில் சொல்லும். இன்ஜின் இசியூவுக்கு அது பெரும்பாலும் 10 அல்லது 11.

போனில் ஒரு டெர்மினல் ஆப் திறந்து வரிசையாக அடியுங்கள்:

ஏடி இசட்
ஏடி எஸ்பி 5
ஏடி டபிள்யூஎம் 81 10 எஃப்1 3ஈ
ஏடி எஸ்எச் 81 10 எஃப்1
ஏடி எஃப்ஐ

(ஆங்கில எழுத்தில், ஒவ்வொரு வரிக்கும் என்டர்.) இரண்டாவது வரியில் உள்ள 5 என்பது வேகத் தொடக்க கேடபிள்யூபி, நான் சொன்ன புதிய முறை. மூன்றாவது வரி முக்கியம்: 5 நொடி பேச்சில்லாமல் போனால் இசியூ இணைப்பை முறித்துவிடும், அதனால் 'இருக்கிறேன்' என்று ஸ்கேனர் அவ்வப்போது சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 10-க்குப் பதில் இல்லை என்றால் 11 போட்டுப் பாருங்கள்.

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
10-க்கே 'பஸ் இனிட்: ஓகே' வந்துவிட்டது ஐயா! ஆனால் கோடு கேட்க 03 அடித்தால் 7எஃப் 03 11 என்கிறது.

ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்:
7எஃப் என்றால் மறுப்பு. 03 நீங்கள் கேட்ட சேவை. 11 என்றால் அந்தச் சேவை தன்னிடம் இல்லை என்கிறது. மறுக்கிறது என்றால் கேட்டுப் புரிந்துகொண்டது என்றுதானே பொருள்? கோட்டையே கேடபிள்யூபி முறையில் கேட்க 18 00 எஃப்எஃப் 00 அடியுங்கள்.

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
58 01 02 99, அதன் பின்னால் இன்னொரு பைட்.

ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர்:
58 உங்கள் 18-க்கு ஒப்புதல் பதில். 01 என்றால் ஒரே ஒரு கோடு. அடுத்த 02 99-தான் அந்தக் கோடு: பி0299, டர்போ அழுத்தம் போதவில்லை. கடைசி பைட் அந்தக் கோட்டின் நிலை. இழுவை இல்லாததும் கரும்புகையும் இதோடு ஒத்துப்போகின்றன. டர்போவை உடனே குறை சொல்லாதீர்கள். இன்டர்கூலர் ஹோஸ், வேக்யூம் பைப் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள்.

கோட்டையூர் ஒர்க்‌ஷாப்:
டர்போ ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்யூம் பைப்பை எலி கடித்திருக்கிறது. ஷெட்டில் நெல் மூட்டை இருக்கிறதாம், கேட்க வேண்டுமா! பைப்பை மாற்றி, 14 எஃப்எஃப் 00 அடித்துக் கோட்டை அழித்தேன். குன்றக்குடி வரை ஓட்டிப் பார்த்தாயிற்று. புகை இல்லை, லைட்டும் வரவில்லை. டச் ஸ்கிரீனை மறுபடி மாட்டலாமா அண்ணே?

தேவகோட்டை ஆட்டோ எலக்ட்ரிக்:
மாட்டலாம். கனெக்டரில் எந்த பின் சாக்கெட்டின் 7-க்குப் போகிறது என்று மீட்டரில் பீப் வைத்துக் கண்டுபிடித்து, ஸ்டீரியோ பக்கத்து வயரை மட்டும் வெட்டி டேப் சுற்றுங்கள், வண்டி ஹார்னஸில் (வயர் கட்டில்) கை வைக்காதீர்கள். மாட்டிய பிறகு 7-ஐ மறுபடி அளந்து 12 வோல்ட் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு டேஷ்போர்டை மூடுங்கள்.