நேற்று விட்ட கிட், இன்று ஏன் மறிக்கிறது?

பில்லுக்காரன்:
பில்லிங் மென்பொருள் ஒன்றைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். அதன் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்க கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். நேற்று சாயங்காலம் 'தள்ளுபடி' பிராஞ்சில் (முதன்மையான 'மெயினி'லிருந்து பிரித்த தனிக் கிளை) பாதி வேலையில் இருந்தபோது ஒரு கடைக்காரர் போன் செய்தார். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி இரண்டு முறை விழுகிறதாம். எதையும் கமிட் செய்யாமல் (கிட்டில் பதியாமல்), மெயினுக்கு மாற 'கிட் ஸ்விட்ச் மெயின்' அடித்தேன். சத்தமில்லாமல் மாறிவிட்டது. திருத்தி, 'கமிட் மைனஸ் ஏஎம்' (கிட்டில் ஏற்கெனவே உள்ள கோப்புகளில் மாறிய எல்லாவற்றையும் ஒரே அடியில் பதிவது) போட்டுப் புஷ்ஷும் செய்தாயிற்று (சர்வருக்கு அனுப்பியாயிற்று). அரை மணி நேரத்தில் அவரே மறுபடி: "தம்பி, இப்ப எல்லா பில்லுலயும் தள்ளுபடி 0னு புதுசா ஒரு வரி வருதே!" (இந்த வரி அந்த வரி இல்லை.)

என் பாதி வேலையும் கூடவே மெயினுக்குப் போயிருக்கிறது. அந்தக் கமிட்டை ரிவர்ட் செய்து (திருப்பிப் போட்டு), வரித் திருத்தத்தை மட்டும் மறுபடி மெயினில் போட்டு, பாதி வேலையைத் தள்ளுபடி பிராஞ்சில் ஒரு கமிட்டாக வைத்து முடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. இன்று அதே பிராஞ்சில், அதே பில் அச்சிடும் கோப்பில் நாலு வரி மாற்றிவிட்டு மெயினுக்குப் போகப் பார்த்தால், "மாற்றங்கள் அழிந்துபோகும், கமிட் செய் அல்லது ஸ்டாஷ் செய் (தற்காலிகமாக ஒதுக்கி வை)" என்று மறுத்துவிட்டது. நேற்று மட்டும் எப்படி விட்டது?

அரைத்தூக்கம்:
கமிட் ஆகாத மாற்றம் எந்தப் பிராஞ்சுக்கும் சொந்தமில்லை. அது உங்கள் ஃபோல்டரில் சும்மா கிடக்கிறது. நீங்கள் கைவைத்த கோப்பு இரண்டு பிராஞ்சிலும் கமிட் ஆன நிலையில் ஒன்றுபோல இருந்தால், கிட் அதைத் தொட வேண்டியதே இல்லை. மாற்றம் உங்களோடு வந்துவிடும். நேற்று நடந்தது அதுதான். ராத்திரி பாதி வேலையைக் கமிட் செய்ததும் அந்தக் கோப்பு மெயினில் ஒன்றாகவும் தள்ளுபடியில் வேறாகவும் ஆகிவிட்டது. இப்போது மாற வேண்டுமென்றால் உங்கள் நாலு வரியின் மேல்தான் எழுத வேண்டும். அதனால்தான் மறிக்கிறது.

இன்னொன்று, நேற்று அது சத்தமில்லாமல் மாறியிருக்காது. 'எம்' (மாறியிருக்கிறது என்று பொருள்) என்ற எழுத்தோடு கோப்புப் பெயரைக் காட்டியிருக்கும். நீங்கள் போன் அவசரத்தில் இருந்திருப்பீர்கள். பிராஞ்ச் மாற்றும் பழைய கட்டளையான செக்அவுட்டும் 2019-இல் வந்த ஸ்விட்ச்சும் இதில் ஒரே மாதிரிதான்.

மூன்றாம்மாடி:
ஸ்டாஷ் செய்துவிட்டுப் போங்கள், திரும்பி வந்து பாப் செய்யுங்கள் (ஒதுக்கியதை மறுபடி எடுங்கள்). பாப்பில் கான்ஃப்ளிக்ட் (மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுவது) வந்தாலும் பயமில்லை, ஸ்டாஷ் பட்டியலில் அது அப்படியே இருக்கும். புதிதாக உருவாக்கி இன்னும் கிட்டில் ஆட் செய்யாத (சேர்க்காத) கோப்புகளை ஸ்டாஷ் எடுக்காது. 'மைனஸ் யூ' சேர்த்தால்தான் எடுக்கும். கோபத்தில் ஸ்விட்ச்சோடு 'மைனஸ் எஃப்' (மாற்றங்களைத் தூக்கி எறிந்துவிட்டு மாறுவது) போட்டுவிடாதீர்கள். ஆட் கூடச் செய்யாத மாற்றம் போனால் போனதுதான், கிட்டிடம் அதற்குப் பிரதி கிடையாது.

கிளைதாவி:
ஸ்டாஷில் போட்டதை மறந்தே போகிறவன் நான். ஒரு முறை பார்த்தால் பதினொன்று கிடந்தது. அதனால் 'பாதியில்' என்று எழுதிக் கமிட் செய்துவிடுவேன், வந்து, முந்தைய கமிட்டைக் குறிப்பிட்டு 'ரீசெட் சாஃப்ட்' அடித்தால் அந்தக் கமிட் மட்டும் கழன்று, மாற்றங்கள் பழையபடி கையில் இருக்கும். உங்களுக்குப் போன் அடிக்கடி வரும் என்றால் வொர்க்ட்ரீ பாருங்கள். மெயின் தனி ஃபோல்டரில் எப்போதும் திறந்தே இருக்கும், இந்தப் பக்கம் எதையும் எடுத்து வைக்க வேண்டாம்.

பில்லுக்காரன்:
'எம்' உண்மைதான், டெர்மினலை மேலே தள்ளிப் பார்த்தேன். மூன்று கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. முதலில் வெறும் ஸ்டாஷ் அடித்தேன், புதிதாக எழுதிய தள்ளுபடி அட்டவணைக் கோப்பு மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. 'மைனஸ் யூ' போட்டதும் அதுவும் ஸ்டாஷுக்குள் போயிற்று.

அப்புறம் மெயினுக்கு வொர்க்ட்ரீயும் போட்டுவிட்டேன். டேட்டாபேஸ் கடவுச்சொல் இருக்கும் கோப்பு கிட்இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாத கோப்புகளின் பட்டியல்) இருப்பதால் புது ஃபோல்டருக்கு அது வரவில்லை. ஏன் கனெக்ட் ஆகவில்லை என்று பத்து நிமிடம் முழித்தேன். 'மைனஸ் ஏஎம்' பழக்கத்தைத்தான் விட முடியவில்லை. விரல் தானாக அடிக்கிறது.