'தட்' வந்தால் அட்ஜெக்டிவ் க்ளாஸா, நவுன் க்ளாஸா? மகளுக்கு விளக்க முடியவில்லை

கயல்_அம்மா:
வணக்கம். மகள் பத்தாம் வகுப்பு. சப்-ஆர்டினேட் க்ளாஸ் (clause, பெரிய வாக்கியத்துக்குள் வரும் துணை வாக்கியம்) நவுன், அட்ஜெக்டிவ், அட்வெர்ப் என மூன்று வகை என்பதெல்லாம் இருவருக்கும் புரிகிறது. நேற்று ராத்திரி இந்த இரண்டு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டோம்:

தி நியூஸ் தட் ஹி பிராட் இஸ் ட்ரூ.
தி நியூஸ் தட் ஹி ஹாஸ் கம் இஸ் ட்ரூ.

முதலாவது அட்ஜெக்டிவ் க்ளாஸ், இரண்டாவது நவுன் க்ளாஸ் என்று கைடில் விடை. இரண்டிலும் 'நியூஸ்', அதை ஒட்டி 'தட்'. "எப்படிம்மா வேற வேற ஆகும்?" என்கிறாள். கைடில் அச்சுப்பிழையா? திங்கட்கிழமை பரீட்சை.

தென்றல்77:
நவுனுக்குப் பின்னால் 'தட்' வந்தால் அட்ஜெக்டிவ் க்ளாஸ்தான். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கைடு தப்பு.

இங்கிலீஷ்_வாத்தியார்:
கைடு சரிதான்மா. 'தட்' வரைக்கும் கையால் மறைத்துவிட்டு, அதற்குப் பிறகு உள்ளதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். 'ஹி பிராட்'. எதைக் கொண்டுவந்தான்? ஒன்று குறைகிறது. அந்தக் குறையை நிரப்புவது 'நியூஸ்'. அதனால் 'தட்'டை எடுத்துவிட்டு 'விச்' போட்டாலும் வாக்கியம் நிற்கும். இது அட்ஜெக்டிவ் க்ளாஸ்.

'ஹி ஹாஸ் கம்' என்பதில் எதுவும் குறையவில்லை. செய்தியே அதுதான். இங்கே 'விச்' போட முடியாது. இதை நவுன் க்ளாஸ் இன் அப்போசிஷன் என்போம், அதாவது முன்னால் உள்ள பெயர்ச்சொல் என்னவென்று சொல்லும் க்ளாஸ். ஃபேக்ட், ஹோப், ரூமர், பிலீஃப் மாதிரியான சொற்களுக்குப் பின்னால்தான் இது வரும். புக், பென் இவற்றுக்குப் பின்னால் வராது.

வகுப்பில் நான் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். 'அவன் கொண்டுவந்த செய்தி', 'அவன் வந்துவிட்டான் என்ற செய்தி'. ஆங்கிலம் ஒரே 'தட்'டை வைத்துச் சமாளிக்கும் இடத்தில் நம் மொழி தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. 'கொண்டுவந்த' மாதிரி நேராகப் பெயரெச்சம் வந்தால் அட்ஜெக்டிவ். முழு வாக்கியம் முடிந்து 'என்ற' சேர்ந்தால் நவுன். ('என்ற'வும் பெயரெச்சம்தான். ஆனால் அதற்கு முன்னால் வாக்கியம் முடிந்துவிடுகிறது, அதைக் கவனியுங்கள்.)

தென்றல்77:
நான் மேலே சொன்னது தப்பு, மன்னிக்கவும். 'தி ஹோப் தட் ஹி வில் ரிகவர்' போட்டுப் பார்த்தேன். 'குணமாகிவிடுவான் என்ற நம்பிக்கை'. சரியாக வருகிறது.

கயல்_அம்மா:
ரொம்ப நன்றி சார். இன்னொன்று. 'ஐ டோன்ட் நோ இஃப் ஹி வில் கம்' என்பதில், இஃப் வந்தால் வில் வரக்கூடாது என்று அவள் 'வில்'லை அடித்துவிட்டு, அட்வெர்ப் க்ளாஸ் என்று எழுதியிருக்கிறாள்.

இங்கிலீஷ்_வாத்தியார்:
நிறையப் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள். அந்த விதி நிபந்தனைக்கு: 'இஃப் ஹி கம்ஸ், ஐ வில் டெல் யூ'. 'வந்தால் சொல்கிறேன்', அட்வெர்ப் க்ளாஸ். அவள் வாக்கியம் 'வருவானா என்று தெரியாது'. எது தெரியாது என்ற கேள்விக்கு அதுவே பதில், ஆகவே நவுன் க்ளாஸ். 'இஃப்' இடத்தில் 'வெதர்' போடலாம். 'வில்' அப்படியே இருக்கட்டும்.

'வென்'னும் இப்படித்தான். 'எப்போது வருவான் என்று' வந்தால் நவுன், 'வரும்போது' வந்தால் அட்வெர்ப். சொல்லைப் பார்த்து வகையை எழுதாமல், அந்த க்ளாஸ் வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள்.

கயல்_அம்மா:
இப்போதுதான் உட்கார்ந்து பார்த்தோம். அவளே இரண்டு எழுதினாள்: 'தி ரூமர் தட் ஷி ஸ்ப்ரெட்', 'தி ரூமர் தட் தி ஸ்கூல் இஸ் க்ளோஸ்ட்'. 'அவள் பரப்பிய வதந்தி', 'ஸ்கூல் லீவு என்ற வதந்தி' என்று பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறாள்.