ஷில்லிங் மீட்டர்: கைப்பிடி சுற்றவில்லை, உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் ஒரு பழைய சாமான் சந்தையில், காசு போட்டால் கேஸ் விடும் மீட்டர் ஒன்று வாங்கினேன். அந்தக் காலத்து வாடகை அறைகளில் இருந்த ஷில்லிங் ரகம். காட்சிக்கு வைக்கத்தான், கேஸ் இணைப்பெல்லாம் கொடுக்கப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

காசைப் போட்டுப் பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்றில் நின்றுவிடுகிறது. காசுதானே கைப்பிடியையும் பல்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும்? நான் போடுவது 1990 வரை செல்லுபடியான பழைய பெரிய 5 பென்ஸ். ஷில்லிங்கின் அதே அளவு, அதனால் காசு மேல் குற்றமில்லை. உள்ளே கிரீஸ் இறுகிப் போயிருக்குமோ? மண்ணெண்ணெய் விடலாமா?

அப்புறம், காசுப் பெட்டியின் பூட்டுக்குச் சாவி இல்லை. உடைக்க மனசு வரவில்லை. இப்படி ஒன்றைக் கழற்றிப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.